அந்தச் சீசாவின் அருகே ஓர் அட்டை வையுங்கள்

மதிப்பிற்குரிய அருங்காட்சியக அறங்காவலர்களுக்கும் கண்காட்சிப் பொறுப்பாளர்களுக்கும்,

வணக்கம். வடஇங்கிலாந்தின் பழைய பஞ்சாலை நகரம் ஒன்றில் இயங்கும் உங்கள் அருங்காட்சியகத்தின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. யாரைப் பற்றிச் சொல்கிறேன் என்பது உங்களுக்குத் தெரியும். ஆங்கிலத்தில் இரண்டு மடல்கள் அனுப்பினேன். இரண்டுக்கும் "உங்கள் கருத்துக்கு நன்றி" என்ற ஒரே பதில்தான் வந்தது. இந்த ஊரில் பிள்ளைகளைப் பள்ளிச் சுற்றுலாவில் உங்களிடம் அனுப்பிவைக்கும் தமிழ்ப் பெற்றோரும் படிக்கட்டும் என்றுதான் மூன்றாவது மடலைத் தமிழில், பொதுவில் எழுதுகிறேன்.

உங்கள் விக்டோரியா கால மருந்துக்கடை அறைக்கு என் எட்டு வயது மகளுடன் வந்திருந்தேன். அந்தக் காலத்து உடையணிந்த உங்கள் வழிகாட்டி ஒரு துணிப் பொம்மையை மடியில் வைத்துக்கொண்டு, பழைய சீசா ஒன்றிலிருந்து கரண்டியில் ஊற்றுவதுபோல் நடித்தார். "இதில் கொஞ்சம் கொடுத்தால் போதும், பாப்பா தூங்கிவிடும், அம்மாவுக்கு நிம்மதி" என்றார். சுற்றி நின்ற பிள்ளைகள் சிரித்தார்கள். என் மகள் மட்டும், "அந்தப் பாப்பா பிறகு எப்போது எழுந்தது?" என்று கேட்டாள். வழிகாட்டி புன்னகைத்துவிட்டு அடுத்த சீசாவுக்கு நகர்ந்தார். அவர் மீது எனக்குக் கோபம் இல்லை. அவருக்குக் கொடுக்கப்பட்ட குறிப்பில் அந்தக் கேள்விக்கான விடை இருந்திருக்காது.

விடை உங்களுக்குத் தெரியும். தெரிந்தும் சுவரில் நீங்கள் எழுதி வைத்திருப்பது, "விவரமறியாத தாய்மார்கள் குழந்தைகளை அமைதிப்படுத்த இத்தகைய விசித்திர மருந்துகளைப் பயன்படுத்தினர்" என்ற ஒரே வரி. வெளியேறும் வழியிலுள்ள கடையில் அதே சீசாவின் பட்டி (லேபிள்) குளிர்பதனப் பெட்டியில் ஒட்டும் காந்தமாக விற்பனைக்கு இருக்கிறது. தாயும் சேயும் சிரிக்கும் அந்தப் படம் அன்றைக்கு மருந்தை விற்பதற்காகவே வரையப்பட்டது. இன்றும் அது விற்றுக்கொண்டிருக்கிறது.

நான் ஒரு குழந்தைகள் மருத்துவமனையில் மருந்தாளுநர். கைக்குழந்தைக்கு அபினிலிருந்து எடுக்கும் வலிமருந்தான மார்ஃபின் தர வேண்டியிருந்தால், எடையைப் பார்த்து, அளவைக் கணக்கிட்டு, இன்னொருவரைக் கொண்டு சரிபார்த்த பிறகே ஊசிக்குழாயில் எடுப்போம். உங்கள் கண்ணாடிப் பேழையில் நிற்கும் 'மிஸஸ் வின்ஸ்லோஸ் சூதிங் சிரப்' அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் 1849இல் விற்பனைக்கு வந்து, கடல் கடந்து பிரிட்டனிலும் விற்ற மருந்து. அதன் ஓர் அவுன்சில் 65 மில்லிகிராம் மார்ஃபின் இருந்தது. ஒரு தேக்கரண்டிக்கு ஏறத்தாழ 11 மில்லிகிராம். ஆறு மாதக் குழந்தைக்கு ஒரு தேக்கரண்டி, நாளுக்கு மூன்று நான்கு முறை என்பது அதனுடன் வந்த குறிப்பு. நாங்கள் இன்று கையாளும் அளவைவிட இது பல மடங்கு அதிகம். அந்தக் கண்ணாடியின் முன்னால் நின்றபோது என் கை தானாகவே மகளின் தோளைப் பிடித்துக்கொண்டது.

அந்த ஒற்றை வரியில் நீங்கள் 'விவரமறியாதவர்கள்' என்று சொல்லும் பெண்களைப் பற்றிக் கொஞ்சம் பேச விரும்புகிறேன். உங்கள் கட்டடமே ஒரு காலத்தில் பஞ்சாலை. அங்கே தறிகளுக்கு நடுவே நின்றவர்கள் அவர்கள். பிள்ளை பெற்ற பெண்ணை நான்கு வாரங்களுக்குள் தெரிந்தே வேலைக்கு அமர்த்தக் கூடாது என்று சட்டம் வந்தது 1891இல்தான். அந்த நான்கு வாரங்களுக்கும் கூலி கிடையாது. அதற்கு முன் அந்தக் காப்பும் இல்லை. உடல் தேறுவதற்குள் ஆலைச் சங்கு அழைத்துவிடும். பால் கட்டிய மார்போடு, விடியும் முன் அவள் பிள்ளையைத் தெருக்கோடியில் உள்ள ஒரு கிழவியிடம் விட்டுச் செல்வாள். அந்தக் கிழவியின் ஒற்றை அறையில் இன்னும் பல குழந்தைகள் கிடக்கும். எல்லாம் ஒரே நேரத்தில் பசித்து அழுதால் அவள் என்ன செய்வாள்? மூலைக் கடைக்குப் போனால் ஒரு பென்னிக்கு 'காட்ஃப்ரேஸ் கார்டியல்' கிடைக்கும். சர்க்கரைப் பாகில் அபினும் சாசஃப்ராஸ் என்ற மரத்தின் வாசனையும் கலந்த கரைசல் அது. கடைக்குக் கடை அபினின் அளவு மாறும். தெளிந்து நின்ற சீசாவில் அபின் அடியில் தங்கும். மேலாக ஊற்றிய கரண்டியில் தூக்கம் இருந்தது என்றால், கடைசிக் கரண்டியில் சாவு இருந்தது. நேற்று கொடுத்த அதே அளவைத்தான் இன்றும் கொடுத்தேன் என்று அவள் அழுதிருந்தால், அது பொய்யாக இருந்திருக்காது.

ஒரே நாளில் இறந்த குழந்தைகளைவிட மெல்ல மெல்லப் போனவை அதிகம். அபின் பசியை மறக்கடிக்கும். மயங்கிக் கிடக்கும் குழந்தை பால் கேட்டு அழாது. அழாத குழந்தைக்கு யாரும் பால் கொடுப்பதில்லை. 1864இல் டாக்டர் ஹென்றி ஜூலியன் ஹன்டர் அரசுக்குத் தந்த அறிக்கையில், கிழக்கு இங்கிலாந்தின் சதுப்பு நிலப் பகுதிகளில் அபின் பழகிய குழந்தைகள் சின்னஞ்சிறு கிழவர்களைப்போல வற்றிச் சுருங்கிப்போனதைப் பதிவு செய்திருக்கிறார். இப்படிப் போனவற்றில் பல, இறப்புப் பதிவேட்டில் அபினின் பெயரால் ஏறவில்லை. 'பலவீனம்' என்றும் 'ஊட்டமின்மை' என்றும் ஏறின.

என் மகளின் கேள்விக்கு விடை இதுதான். அதை ஓர் அட்டையில் எழுதி அந்தச் சீசாவின் அருகே வையுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

அந்தத் தாய்மாரைக் குறைசொல்ல எனக்கு வாய் வராது. என் அம்மா எனக்குக் கிரைப் வாட்டர் கொடுத்து வளர்த்தவர். தமிழ்நாட்டு வீடுகளில் கைக்குழந்தை அழுதாலே அலமாரியிலிருந்து இறங்கும் அந்தச் சீசா, இங்கே நாட்டிங்ஹாமில் 1851இல் வில்லியம் உட்வர்ட் என்ற மருந்தாளர் உருவாக்கியது. அதில் அபின் கிடையாது. ஆனால் நெடுங்காலம் சாராயம் இருந்தது. உள்ளே என்ன இருக்கிறது என்று அம்மா கேட்டதில்லை. பட்டியில் இருந்த குழந்தையின் படத்தை நம்பினார். பஞ்சாலைப் பெண்ணும் அப்படித்தான் நம்பினாள். அவளுக்கு நம்புவதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. அது அரசாங்கத்தின் முத்திரை.

இதைச் சொல்லாமல் விட்டதுதான் உங்கள் கண்காட்சியின் பெரிய குறை. கம்பெனி மருந்துச் சீசாக்களின் மூடியைச் சுற்றி ஒட்டியிருக்கும் காகிதப் பட்டையை நீங்கள் 'அழகிய அச்சுவேலை' என்று பாராட்டியிருக்கிறீர்கள். அது வரி முத்திரை. 1783இல் தொடங்கி 1812இல் திருத்தப்பட்ட மருந்து முத்திரைச் சட்டத்தின்படி, ஒரு ஷில்லிங் (12 பென்ஸ்) வரை விலையுள்ள சீசாவுக்கு ஒன்றரை பென்ஸ் வரி. பல சீசாக்களுக்கு இருந்த ஒரு ஷில்லிங் ஒன்றரை பென்ஸ் என்ற வினோதமான விலை அப்படி வந்ததுதான். முத்திரையைப் பார்த்தவர்கள் அரசு சோதித்து ஒப்புதல் தந்த மருந்து என்று எண்ணினார்கள். விற்றவர்களும் அந்த எண்ணத்தை வளர்த்தார்கள். இது அரசின் உத்தரவாதம் அல்ல என்ற வாசகம் முத்திரையிலேயே அச்சானது பிற்காலத்தில்தான். இத்தகைய கம்பெனி மருந்துகளுக்குப் 'பேடன்ட் மருந்து' என்று பெயரே தவிர, பெரும்பாலானவை காப்புரிமை பெற்றவை அல்ல. காப்புரிமை கேட்டால் உள்ளே இருப்பதைச் சொல்ல வேண்டும். சொல்லாமல் இருப்பதுதான் அவர்களுடைய தொழில்.

1868ஆம் ஆண்டின் மருந்தகச் சட்டம் அபினை நச்சுப் பட்டியலில் சேர்த்து, 'விஷம்' என்று எழுதித்தான் விற்க வேண்டும் என்றது. பேடன்ட் மருந்துகளுக்கு மட்டும் விலக்கு அளித்தது. குழந்தையின் வாய்க்குப் போகும் சீசாவில் அந்தச் சொல் தேவையில்லை என்று நாடாளுமன்றமே முடிவு செய்த நாட்டில், எழுதப் படிக்க வாய்ப்பில்லாத தறிக்காரியை 'விவரமறியாதவள்' என்பீர்களா? அபினும் குளோரோஃபார்மும் கலந்த குளோரோடைன் என்ற பேடன்ட் மருந்தின் மீது 1892இல் வழக்கு நடந்த பிறகே அந்த விலக்கு சுருங்கியது. 1909இல் பிரிட்டிஷ் மருத்துவச் சங்கம் இந்த மருந்துகளைச் சோதித்து, உள்ளே இருப்பதையும் அதற்கான செலவையும் நூலாக வெளியிட்டபோது, மருந்து விளம்பரங்களால் பிழைத்த பத்திரிகைகள் பல அந்த நூலின் விளம்பரத்தைக்கூட ஏற்க மறுத்தன. இந்த மருந்துகளை விசாரித்த நாடாளுமன்றத் தேர்வுக் குழுவின் அறிக்கை வெளியானது 1914 ஆகஸ்ட் 4 அன்று. அதே நாளில் பிரிட்டன் முதல் உலகப் போரில் இறங்கியது. அறிக்கை அலமாரிக்குப் போனது. முத்திரை வரி ஒழிந்ததும், உள்ளடக்கத்தைப் பட்டியில் எழுதும் கட்டாயம் வந்ததும் 1941இல்தான்.

கோபத்தில் நீண்டுவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் பேழையில் இருப்பவை எல்லாம் கொலைகாரச் சீசாக்கள் என்று நான் சொல்லவில்லை. பீச்சம் மாத்திரையில் இருந்தது கற்றாழைப் பிசினும் இஞ்சியும் சோப்பும். 56 மாத்திரைகள் கொண்ட பெட்டிக்குச் சரக்குச் செலவு அரை ஃபார்த்திங் (ஒரு பென்னியில் எட்டில் ஒரு பங்கு) என்று அந்த 1909ஆம் ஆண்டு நூல் கணக்கிட்டது. விற்ற விலை ஒரு ஷில்லிங் ஒன்றரை பென்ஸ். அது பணத்தைப் பறித்தது, வயிற்றைக் கழுவியது. அதைப் பார்த்துப் பிள்ளைகள் சிரிக்கட்டும். ஆனால் அந்தப் பெட்டியையும் சூதிங் சிரப்பையும் ஒரே தட்டில், ஒரே தலைப்பின் கீழ் வைத்தால், இரண்டும் ஒன்றுதான் என்று அவர்கள் நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள்.

ஆகவே பணிவுடன் மீண்டும் கேட்கிறேன். குழந்தைகளுக்குக் கொடுத்த அபின், மார்ஃபின் சீசாக்களைத் தனித் தட்டில் வையுங்கள். ஒவ்வொன்றின் அருகிலும் ஓர் அட்டை வையுங்கள். உள்ளே இருந்தது என்ன, குடித்த குழந்தைக்கு என்ன நேர்ந்தது, அதை விற்க அனுமதித்தது யார், இந்த மூன்றும் அதில் இருக்கட்டும். சுவரிலுள்ள 'விவரமறியாத' என்ற சொல்லை நீக்குங்கள். காந்தத்தைக் கடையிலிருந்து எடுத்துவிடுங்கள். பொம்மைக் காட்சி தொடரலாம். யாராவது ஒரு பிள்ளை கேட்டால், பாப்பா எழுந்திருக்கவில்லை என்று உண்மையைச் சொல்ல வழிகாட்டிக்கு அனுமதி கொடுங்கள். எட்டு வயதுக்கு அது தாங்கும். என் மகளுக்கு அன்றிரவு நானே சொன்னேன்.

அட்டைக்கான வாசகத்தை எழுதித் தரவும், அளவுக் கணக்குகளைச் சரிபார்க்கவும் ஆயத்தமாக இருக்கிறேன். அதற்கு ஊதியம் வேண்டாம். சனிக்கிழமைகளில் எனக்கு வேலை இல்லை, நேரில் வர முடியும். அடுத்த பள்ளிக் குழு வருவதற்குள் ஒரு நாள் குறித்துச் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

இப்படிக்கு,
உங்கள் ஊரில் வசிக்கும் ஒரு மருந்தாளுநர்