மூன்றாம் ஓலை வாசித்தபின் எழுதும் நன்றி மடல்

மதிப்பிற்குரிய பங்குத்தந்தை அவர்களுக்கும், அருட்சகோதரிகளுக்கும், உபதேசியார் ஐயாவுக்கும், கோயில்பிள்ளை தாத்தாவுக்கும், பங்கின் சிறு குழுக்களான அன்பியங்களைச் சேர்ந்த பெரியோர்களுக்கும், என் வயதொத்த தோழர்களுக்கும் வணக்கம்.

குருவாவதற்கு முந்தைய படியான திருத்தொண்டராக நான் திருநிலைப்படுத்தப்படுவதற்குத் தடை ஏதேனும் இருப்பதாக அறிந்தவர்கள் தெரிவிக்க வேண்டும் என்ற அறிவிப்பு, கடந்த ஞாயிறு திருப்பலியின் முடிவில் மூன்றாம் முறையாக வாசிக்கப்பட்டது என்று அம்மா தொலைபேசியில் சொன்னார். கல்யாண ஓலை வாசிப்பதைப் போலவே இருந்ததாம்; வாசித்து முடியும்வரை அவர் தலை நிமிரவே இல்லையாம். நீங்கள் யாரும் தடை சொல்லவில்லை. அதற்கு முதல் நன்றி. ஆனால் நான் இந்த மடலை எழுத உட்கார்ந்ததற்கு அதைவிடப் பழைய கடன் ஒன்று காரணம். இந்தப் பதினோரு ஆண்டுகளில் என் வீட்டில் நான் செய்திருக்க வேண்டிய பிள்ளைக் கடமைகளை நீங்கள் செய்து வந்திருக்கிறீர்கள். அதை ஒருமுறைகூட நான் வாய்திறந்து சொன்னதில்லை.

2014இல் பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, ஒரு தகரப் பெட்டியோடு, குருவாகப் பயிற்சி பெறும் சிறு குருமடத்துக்குப் புறப்பட்டபோது எனக்கு வயது 17. திருச்சபைச் சட்டப்படி 23 வயது நிறைந்தவர் திருத்தொண்டர் ஆகலாம், 25 நிறைந்தவர் குரு ஆகலாம். தொடக்கப் பயிற்சிக்கு ஓராண்டு, பட்டப்படிப்புக்கு மூன்று, மெய்யியலுக்கு இரண்டு, களப்பணிக்கு ஒன்று, இறையியலுக்கு நான்கு என்று கணக்கு வளர்ந்து, எனக்கு இப்போது 28 ஆகிறது. மணி அடித்தால் எழுந்து, மணி அடித்தால் செபித்து, மணி அடித்தால் உண்டு வாழ்கிறவனுக்கு வயது ஏறுவது தெரிவதில்லை. காலைப் புகழ் என்னும் காலைச் செபத்தின் திருப்பாடல்கள் நான்கு வாரங்களுக்கு ஒருமுறை சுழன்று வருவதால், காலம் முன்னே போகாமல் வட்டமிடுவதாகவே தோன்றும். விடுமுறைக்கு ஊருக்கு வரும்போதுதான் உண்மை புரியும். என்னோடு பள்ளியில் படித்தவர்களின் பிள்ளைகள் முதல் நற்கருணையான புதுநன்மை வாங்கத் தயாராகிக்கொண்டிருப்பார்கள். அண்ணன் மகள், குருமாணவனான என்னை ஊரார்போலப் பிரதர் என்பதா, சித்தப்பா என்பதா என்று குழம்பி, கடைசியில் ‘பிரதர் சித்தப்பா’ என்று முடிவுகட்டியிருந்தாள்.

அப்பாவுக்கு வயதாகிவிட்டது என்பதை நான் கண்டது 2020இல். மார்ச் மாதம் ஊரடங்கு அறிவிக்கப்பட்டு, எங்களை வீடுகளுக்கு அனுப்பியிருந்தார்கள். கடலுக்கும் யாரும் போகவில்லை. ஒருநாள் மாலை அப்பா திண்ணையில் கால் பெருவிரலில் வலையை மாட்டி இழுத்துப் பிடித்தபடி பொத்திக்கொண்டிருந்தார். அறுந்த இடத்தைக் கண்ணால் தேடாமல் விரலால் தடவித் தேடுவதையும், முடிச்சு விழாமல் ஊசி இரண்டு முறை நழுவுவதையும் வாசலில் நின்று பார்த்தேன். நான் அருகில் போய் உட்கார்ந்ததும், “வெளிச்சம் போதல,” என்று மட்டும் சொன்னார். நல்ல வெயில் இருந்தது. அன்றைக்குத்தான், நான் இல்லாத ஆறு ஆண்டுகளாக இந்த வலைகளைப் பொத்தியது யார் என்று கேட்கத் தோன்றியது. பக்கத்து வீட்டு மாமாவும் அவருடைய இரண்டு மகன்களும் என்று அம்மா சொன்னார். கூலி வாங்கவில்லை, “பிள்ளையைக் கோயிலுக்குக் கொடுத்துட்டு நிக்கிற வீடு,” என்றாராம் மாமா. மாமா, உங்களுக்கு நன்றி. கோயிலுக்குக் கொடுத்தது எங்கள் வீடு மட்டும் இல்லை என்று இப்போது தெரிகிறது.

2022 அக்டோபரில், எங்களுக்குத் தேர்வுகள் நடந்துகொண்டிருந்த வாரத்தில், இரவு பதினொரு மணிக்கு அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்தது. அண்ணன் வளைகுடாவில் தொழிலில் இருந்தார். அப்பாவைத் தூத்துக்குடிக்குக் கொண்டுசென்று, முன்பணம் கட்டி, மூன்று இரவுகள் வராந்தாவில் படுத்திருந்தவன் என்னோடு 2014இல் குருமடத்தில் சேர்ந்து 2019இல் வெளியே வந்த என் தோழன். அவன் பெயரை எழுதக் கூடாது என்று கட்டளையிட்டிருப்பதால் எழுதவில்லை. நான் மறுநாள் மாலை வந்து சேர்ந்தபோது, அப்பாவின் சட்டையைத் துவைத்துச் சன்னல் கம்பியில் காயப்போட்டுக்கொண்டிருந்தான்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சிலருக்கு வருத்தமாக இருந்தாலும் பொறுத்துக்கொள்ளுங்கள். நாங்கள் பதினான்கு பேர் சேர்ந்தோம், ஐந்து பேர் மிஞ்சியிருக்கிறோம். மற்ற ஒன்பது பேரும் தோற்றவர்கள் அல்லர். இது தன் வழியா என்று ஆராய்ந்து பார்ப்பதற்காகவே இத்தனை ஆண்டுப் பயிற்சி வைக்கப்பட்டிருக்கிறது. ஆராய்ந்து, இல்லை என்று கண்டு, அதை மறைக்காமல் அதிபர் தந்தையிடம் போய்ச் சொல்வதற்குத் தங்குவதைக் காட்டிலும் துணிவு வேண்டியிருக்கிறது. ஆயினும் ‘மடத்திலிருந்து திரும்பி வந்தவன்’ என்ற பேச்சைக் கேட்டுக் கேட்டு, என் தோழன் ஓராண்டுக் காலம் ஞாயிறு திருப்பலியில் கடைசித் தூணுக்குப் பின்னால் நின்றான். சவேரியார் நடந்த கரை என்று பெருமை பேசுகிற நாம் அவனை முன்வரிசைக்கு அழைத்திருக்கலாம். அந்த மூன்று இரவுகளுக்காக மட்டுமின்றி, வெளியே போன பிறகும் என்னைத் தேடி வந்துகொண்டிருந்ததற்காகவும் அவனுக்கு நன்றி சொல்கிறேன்.

அப்போது உணவு கொடுத்தனுப்பிய அன்பியத்துப் பெண்களுக்கும், மருந்துச் செலவில் ஒரு பங்கை ஏற்றுக்கொண்ட வின்சென்ட் தே பவுல் சபையினருக்கும் நன்றி. இறையழைத்தல் ஞாயிறுதோறும் நீங்கள் உண்டியலில் இட்ட காசும் என் படிப்புக்கு வந்து சேர்ந்திருக்கிறது. 1889இல் பிரான்சு நாட்டின் கான் நகரில் ஒரு தாயும் மகளும் தொடங்கிய புனித பேதுரு சபை, மறைப்பணி நாடுகளின் குருமாணவர்களுக்கு இன்றும் உதவி அனுப்பிவருகிறது. முகம் தெரியாத அந்தக் கொடையாளர்களை நினைத்துச் செபமாலையில் ஒரு பத்து மணியை ஒதுக்கிவைத்திருக்கிறேன்.

குருமடத்துச் சமையற்கூடத்தில் நான்கு மணிக்கே அடுப்பு மூட்டுகிற அக்காமார் இருவருக்கும் தனியே நன்றி சொல்ல வேண்டும். டைபாய்டு காய்ச்சலில் நான் கிடந்த பன்னிரண்டு நாளும் கஞ்சியின் உப்பைக் கேட்டுக் கேட்டுப் போட்டவர்கள் அவர்கள்.

இறையியல் படித்த நாள்களில், ஓய்வுபெற்ற குருக்கள் இல்லத்தில் ஒரு பெரியவருக்குத் துணையாக ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் அனுப்பப்பட்டேன். இலத்தீனில் திருப்பலி நிறைவேற்றக் கற்றுக் குருவாகி, பிறகு தமிழில் நிறைவேற்றத் தொடங்கிய தலைமுறை அவருடையது. வாரம் தவறாமல், “நீ எந்த ஊர்?” என்று கேட்பார், நான் சொன்னதும் நம் ஊர்க் கருவாட்டின் பெருமையை முதல்முறை சொல்வதுபோலவே சொல்வார். செபிக்கப் போகும் நேரம் வந்ததும் எழுந்து இரு கைகளையும் நீட்டி நிற்பார். அங்கியை மாட்டி, பொத்தான்களை நான் போட வேண்டும். ‘வயதானபின் வேறொருவர் உனக்கு இடைகட்டி விடுவார்’ என்று இயேசு பேதுருவிடம் சொன்ன இடத்தை யோவான் நற்செய்தி வகுப்பில் பலநாள் படித்திருக்கிறோம். எனக்கு அது விளங்கியது மேல்பொத்தானைப் போடும்போது அவர் தாடையை உயர்த்திக்கொண்ட விதத்தில். அவர் இவ்வாண்டு தவக்காலத்தில் இறந்துபோனார்.

மறைமாவட்டக் குருக்கள் துறவியரைப் போல ஏழ்மை வார்த்தைப்பாடு எடுப்பதில்லை. ஆயருக்குக் கீழ்ப்படிதலும் மணத்துறவும்தான் எங்கள் வாக்குறுதிகள். எனவே அப்பா அம்மாவை நான் பார்த்துக்கொள்ளத் தடையில்லை என்று சிலர் ஆறுதல் சொல்கிறீர்கள். தடையில்லைதான். ஆனால் ஆயர் அனுப்பும் ஊரில் இரவு பதினொரு மணிக்கு இன்னொருவருடைய அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்தால் நான் அங்கேதான் இருந்தாக வேண்டும். ஆகவே பழைய உதவிக்கு நன்றி சொல்லும் இந்த மடலிலேயே, வெட்கத்தை விட்டு, அதே உதவியை இனியும் கேட்கிறேன்.

கடைசியாக, தையற்கடை அண்ணாச்சிக்கு. 2021இல் என் முதல் அங்கியைத் தைத்தபோது, “உள்மடிப்புல ரெண்டு இஞ்ச் விட்டிருக்கேன் பிரதர், ஆளு இப்படியே இருக்க மாட்டீங்க,” என்றீர்கள். நான் சிரித்தேன். போன மாதம் அந்த இரண்டு இஞ்சையும் பிரித்துவிட்டுத் தைத்து, காசு வாங்க மறுத்துவிட்டீர்கள். திருத்தொண்டர் பட்டம் பெறும் நாளில் அதைத்தான் அணிந்து வருவேன்.

இயேசுவின் அன்பில்,
உங்கள் பிரதர்