பேனா கொடுத்தவருக்கு நன்றி

2018, தென் சூடான். ஐ.நா. அமைதிப்படைப் பணியில் மலேரியா வந்து, மலக்கால் நகரில் இருந்த இந்திய ராணுவ மருத்துவமனையில் படுத்திருந்தேன். பார்த்துக்கொண்ட நர்ஸோடு பேச்சு வளர்ந்தது. (மாத்திரையை விட அந்தப் பேச்சுதான் தெம்பு தந்தது என்பேன். அவள் இன்றும் ஒத்துக்கொள்வதில்லை.)

அவள் பணி முடிந்து ஹெலிகாப்டர் ஏறும் நாளில் போன் நம்பர் கேட்கக்கூட எனக்கு வாய் வரவில்லை. பக்கத்தில் ஐ.நா. படையின் நீலத் தொப்பியோடு நின்ற வேறு நாட்டுக்காரர் நீங்கள். நமக்குள் பொது மொழி கிடையாது. என் முகத்தைப் பார்த்தீர்கள். கையில் பேனாவைத் திணித்து, முதுகில் ஒரு தள்ளு தள்ளினீர்கள்.

உள்ளங்கையில் எழுதிக் கொடுத்தாள். வியர்வையில் கடைசி எண் அழிந்து, முன்பின் தெரியாத ஏழு பேருக்கு மெசேஜ் போனது தனிக்கதை.

கல்யாணமாகி ஐந்து வருஷம் ஆகிறது. ரொம்ப நன்றி, சகோதரா. பேனாவைத்தான் திருப்பித் தரவே இல்லை.