பாப்பாவுக்கு, வண்டி விஷயமா

அன்புள்ள பாப்பாவுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நல்லா இருக்கோம். பார்சல்ல வெள்ளை பிளாஸ்டிக் கப்பு மாதிரி இருக்கறது பெட்ரோல் ஃபில்டர். கூட நாலு கிளாம்ப்பும் கொஞ்சம் ஹோஸும் வெச்சிருக்கேன். முறுக்கு அம்மா வெச்சது.

போன்லயே சொல்லியிருப்பேன். ஆனா நீ இப்பல்லாம் வண்டிக்குள்ள உட்கார்ந்துதான் பேசறே. ரெண்டு வார்த்தை பேசறதுக்குள்ள "சரிப்பா, அப்புறம் கூப்பிடறேன்"ங்கறே.

போன வாரம் ராத்திரி பத்தரை மணிக்கு சூலூர் தாண்டி வண்டி நின்னுடுச்சுன்னு சொன்னே. அது ஊருக்கு வர்ற ரோடு. எங்க கிளம்பினேன்னு நான் கேட்கலை. ஆனா வண்டி ஏன் நின்னுச்சுன்னு எனக்குத் தெரியும். மெதுவா போனா ஒழுங்கா ஓடுது, மிதிச்சா திக்குது, நிறுத்தி வெச்சா கொஞ்ச நேரத்துல மறுபடி ஸ்டார்ட் ஆகுதுன்னியே, அது ஃபில்டர் அடைப்பு. எஞ்சின் கேக்கற அளவுக்குப் பெட்ரோல் போகலை.

அதுக்குக் காரணம் நான்தான். 2024 டிசம்பர்ல சாத்தனூர் அணைத் தண்ணி பெண்ணையாத்துல வந்து தெருவுக்குள்ள ஏறினப்போ, வண்டியை முன்கூட்டியே மேட்டுல கொண்டு போய் விட்டிருக்கணும். பாதிக் கதவு வரைக்கும் ரெண்டு நாள் தண்ணியில நின்னுச்சு. அப்புறம் ஆயில் மாத்தினேன், கார்புரேட்டரைக் கழட்டிக் கழுவினேன். டேங்கை இறக்கிக் கழுவலை. அப்படியே பொங்கலுக்கு உன் கையில கொடுத்துட்டேன். துரு உள்ளயே கிடந்திருக்கு. இப்ப பங்குல வர்ற பெட்ரோல்ல 20 சதவீதம் எத்தனால் வேற. 1997 மாடல் மாருதி 800-ல இருக்கற ரப்பர் அதைத் தாங்கறதுக்குச் செஞ்சதில்ல, நாளாக நாளாக உப்பி வெடிப்பு விடும். அதனாலதான் புது ஹோஸ்.

காலையில செய், எஞ்சின் சில்லுனு இருக்கறப்போ. வெட்டவெளியில செய். பக்கத்துல அடுப்போ ஊதுவத்தியோ எதுவும் எரியக் கூடாது. பேட்டரி மைனஸ் வயரைக் கழட்டிடு. பெட்ரோல் மூடியை ஒரு தடவை திறந்து மூடு, டேங்க்ல அடைஞ்ச காத்து போகட்டும். பம்புலேருந்து டேங்க் பக்கம் போற ஹோஸைப் பிடிச்சுக்கிட்டே போனா ஃபில்டர் தென்படும். கீழ டப்பா வெச்சுக்கோ. டேங்க் பக்கத்து ஹோஸை உருவினா வடியும், உடனே ஒரு போல்ட்டை அதுல சொருகிடு. புது ஃபில்டர்ல அம்புக்குறி இருக்கும், அது எஞ்சின் பக்கம் பார்க்கணும். பழைய கிளாம்ப்பை மறுபடி போடாதே. நம்மளுது கார்புரேட்டர் வண்டி, பிரஷர் கம்மி, பயப்படாதே. இஞ்செக்‌ஷன் வண்டியில பிரஷரை இறக்காம உருவினா முகத்துல பீச்சும், யார் வண்டியிலயும் இதை முயற்சி பண்ணாதே.

கழட்டின ஃபில்டரை ஒரு வெள்ளைத் தட்டுல கவுத்துப் பாரு. செங்கல் பொடி மாதிரி விழுந்தா துரு. அடியில முத்து முத்தா தனியா உருண்டா தண்ணி. தண்ணியா இருந்தா சொல்லு, நானே பஸ் பிடிச்சு வந்து டேங்கை இறக்கறேன். புதுசு மாட்டினதும் முதல் சாவியிலயே எடுக்காது, ஃபில்டர் நிரம்பணும். விட்டு விட்டு அடி. ஓட விட்டு ரெண்டு முனையையும் பாரு. ஈரம் தெரிஞ்சா உடனே ஆஃப் பண்ணிடு.

மாப்பிள்ளையை டார்ச் பிடிக்கச் சொல்லுன்னு எழுத வந்தேன். அவர் குரலைக் கேட்டு ரெண்டு மாசம் ஆச்சு. வேலை அதிகமா இருக்கும். காலை வெளிச்சமே போதும்.

டார்ச்சுன்னு எழுதினதும் எனக்குக் கை ஓடலை. நீ எட்டாவது படிக்கறப்போ இதே வண்டிக்கு இதே வேலையைத்தான் செஞ்சுக்கிட்டிருந்தேன். "எனக்கு ஒரு தடவை கொடுப்பா"ன்னே. ஸ்குரூ டிரைவரை உங்க அண்ணன்கிட்ட கொடுத்தேன். அவன் கடனேன்னு திருகினான். உன்னை வெளிச்சத்தை ஆட்டாம பிடின்னேன். அரை மணி நேரம் ஆட்டாம பிடிச்சே. கை மாத்தினப்போ ஒரே ஒரு தடவை என் கண்ணுல அடிச்சுது. அதுக்கும் திட்டினேன். கல்யாணப் பேச்சு வந்தப்பவும் அப்படித்தான் செஞ்சேன். ஜாதகம் பார்த்தேன், சம்பளம் விசாரிச்சேன், தெரு முழுக்கக் கருத்துக் கேட்டேன். உன்னை உட்கார வெச்சு உனக்கு இஷ்டமான்னு ஒரு வார்த்தை கேட்கலை. தப்பு பண்ணிட்டேன் பாப்பா.

ஒரு வருஷமா நீ அந்தப் பழைய வண்டியை ஒரு கீறல் இல்லாம ஓட்டறேன்னு இங்க எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டிருக்கேன். ஆனா தீபாவளிக்கு நீ வரலை. அம்மா அதிரசத்துக்கு மாவு இடிச்சு வெச்சிருந்தா. அண்ணன் பையனுக்கு அம்மை இறங்கிடுச்சு, மத்ததை அம்மா சொல்லுவா.

வண்டி சரியானதும் பல்லடம், கரூர், திருச்சி வழியா பகல்லயே கிளம்பி வா. ராத்திரி கிளம்பும்படி ஆனாலும் வா. கேட்டை நாங்க பூட்டறதில்ல.

அப்பா

கிளாம்ப்பை ரொம்ப முறுக்காதே, ஹோஸ் அறுந்துடும். அம்புக்குறி எஞ்சின் பக்கம்.