அந்தப் பழுப்புத் தாளை எடுத்துவிடுங்கள்: மன்றச் செயற்குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர், செயலாளர் மற்றும் செயற்குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு நம் மன்றத்து அறிவியல் கண்காட்சியில் 17-ஆம் மேஜையில் நடந்தது உங்களுக்கே தெரியும். வாட்ஸ்அப் குழுவில் ஓடி ஓய்ந்தும் விட்டது. அதனால் பழைய கதையைத் திரும்பச் சொல்லவில்லை. என் கோரிக்கை ஒன்றுதான். என் மகளின் சார்ட்டின் மேல் ஒட்டிய பழுப்புத் தாளை எடுத்துவிட்டு, மன்ற நூலகத்தில் அதை ஒரு வாரமாவது மாட்டிவையுங்கள்.

அவள் எட்டாம் வகுப்பு. பிளேக் தடுப்பூசியைச் செய்த விஞ்ஞானி ஹாஃப்கின் பற்றிய சார்ட் அது. இடது பாதியில் உங்களுக்கு ஆட்சேபம் இல்லை. 1896-இல் பம்பாயில் பிளேக் வந்தது, கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் ஒரு அறை, ஒரு தாழ்வாரம், ஒரு குமாஸ்தா, மூன்று பியூன்களை வைத்துக்கொண்டு அந்த மனிதர் மூன்றே மாதத்தில் தடுப்பூசி செய்தார், 1897 ஜனவரி 10 அன்று முதல் ஊசியைத் தனக்கே போட்டுக்கொண்டார், அப்புறம் பைகுல்லா சிறையில் முன்வந்த கைதிகளுக்குப் போட்டுப் பார்த்தார் என்பதெல்லாம் அந்தப் பாதி. நடுவர் ஐயா “வெரி குட்” என்றார். சந்தோஷம்.

வலது பாதிதான் வம்பு. 1902 அக்டோபர் 30, பஞ்சாபில் முல்கோவால் என்கிற கிராமம். 107 பேருக்கு ஊசி போட்டார்கள். அதில் 19 பேர் டெட்டனஸ் என்கிற ரண ஜன்னி வந்து செத்தார்கள். 19 பேருக்கும் மருந்து எடுத்தது ஒரே பாட்டிலிலிருந்து. அதன் எண் 53-என். பழி ஹாஃப்கின் தலையில் விழுந்தது. பதவி போனது. உண்மையில், அந்த பாட்டிலைத் திறந்த உதவியாளர் கையிலிருந்த இடுக்கி தரையில் விழுந்திருக்கிறது. அதைச் சரியாகக் கிருமி நீக்காமல் அதாலேயே கார்க்கைப் பிடுங்கியிருக்கிறார். மற்ற பாட்டில்களில் ஊசி போட்டுக்கொண்ட 88 பேருக்கு ஒன்றும் ஆகவில்லை. இந்தச் சின்னக் கணக்கை அரசாங்கம் ஒப்புக்கொள்ள 1907 ஆகிவிட்டது. அதுவும் மலேரியா ஆராய்ச்சியாளர் ரொனால்ட் ராஸ் போன்றவர்கள் லண்டன் பத்திரிகையில் எழுதிச் சண்டை போட்ட பிறகு.

என் மகள் அந்த இடுக்கியைத்தான் வரைந்திருந்தாள். மண்ணில் கிடக்கிற இடுக்கி, பக்கத்தில் 53-என் என்று சீட்டு ஒட்டிய பாட்டில். இரண்டு இரவு உட்கார்ந்து வரைந்தது. விருந்தினர் வருவதற்குப் பத்து நிமிடம் முன்பு உங்களில் ஒருவர் வந்து, “இப்படி நெகட்டிவா எதுக்கும்மா? தடுப்பூசின்னாலே ஜனங்க பயந்துடுவாங்க” என்று சொல்லிவிட்டு, பழுப்புத் தாளை விரித்து நாலு மூலையிலும் செல்லோடேப் ஒட்டிவிட்டுப் போய்விட்டார். இரண்டு மணி நேரம் பாதி மூடின சார்ட்டுக்குப் பக்கத்தில் நின்றாள். வந்தவர்கள் எல்லாரும் கேட்டது ஒரே கேள்வி: “அங்க என்ன பாப்பா ஒட்டியிருக்கு?” அவள் பதில் சொல்லவில்லை. ஒரு மூலை டேப்பை நகத்தால் சுரண்டிக்கொண்டே இருந்தாள்.

ஜனங்கள் பயப்படுவார்கள் என்கிறீர்கள். 1896-இலேயே மில் தொழிலாளர்கள், பிளேக் நோயாளிகளைக் கொண்டுபோய் வைத்த ஆர்தர் ரோடு ஆஸ்பத்திரியைத் தாக்கினார்கள். ஒருவரும் எதையும் விளக்காமல் ஆளை இழுத்துக்கொண்டு போனால் பயம் வராமல் என்ன வரும்? நம் மன்றம் இருக்கிற இந்த மாட்டுங்காவின் அகலத் தெருக்களே பிளேக் போட்ட கோடுகள்தான். அந்தப் பயத்தில்தான் 1898-இல் நகர மேம்பாட்டு டிரஸ்ட் அமைத்து, தாதர்-மாட்டுங்காவை மனை மனையாகப் பிரித்தார்கள். அந்தத் தெருவில் நின்றுகொண்டு முல்கோவாலை மூடுகிறோம்.

மூடாமல் விட்டது என்ன தெரியுமா? சோடா உப்பில் பொங்கும் எரிமலை, ஆறு. ஆறும் ஒரே மாதிரி பொங்கின, ஒன்றில் பெயின்ட் கூட காயவில்லை. முதல் பரிசும் ஒரு எரிமலைக்குத்தான். நாற்பது நிமிடப் பொன்னாடைப் படலத்தைப் பற்றி நான் பேச வரவில்லை. சந்தா உயர்ந்ததைப் பற்றியும், நூலகத்தில் பாதி நாள் சாவி கிடைக்காததைப் பற்றியும் பேச வரவில்லை. பேசினால் இன்னும் நாலு பக்கம் ஆகும்.

மன்னிக்கவும், கொஞ்சம் சூடாகிவிட்டேன். பிள்ளைகளுக்காக ஒரு ஞாயிற்றுக்கிழமையைச் செலவழிக்கிறீர்கள், அதற்கு நன்றி உண்டு. ஒட்டினவர் பெயரோ வருத்தக் கடிதமோ எனக்கு வேண்டாம். சார்ட்டை முழுசாக மாட்டுங்கள். அடுத்த வருஷம் ஏதாவது ஆட்சேபம் இருந்தால் தாளை ஒட்டுவதற்கு முன்னால் அந்தப் பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேளுங்கள் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இன்னொன்று. சார்ட் இப்போது அலுவலக பீரோவுக்குப் பின்னால் சாத்தியிருக்கிறது, பார்த்தேன். டேப்பை வெடுக்கென்று இழுத்துவிடாதீர்கள், இடுக்கியின் படம் கூடவே உரிந்து வந்துவிடும். சனிக்கிழமை சாயங்காலம் நானும் அவளும் வருகிறோம். பீரோவை மட்டும் நகர்த்தி வையுங்கள், நாங்களே பிரித்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
17-ஆம் மேஜை மாணவியின் அம்மா,
தாராவி, மும்பை