ஸ்டெம் செல் உருண்டைகள் எலியோடு நின்றுவிட வேண்டாம்

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். நான் ஓர் ஆய்வுக்கூடத்தில் ஸ்டெம் செல், அதாவது வேறு வகை செல்களாக மாறக்கூடிய மூல செல், வளர்க்கிறேன். சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் அப்பாவின் காலுக்குக் கட்டு மாற்றுகிறேன். அவருக்குச் சர்க்கரை வந்து இருபது வருஷம். பெருவிரலுக்குக் கீழே ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு புண், ஏழு மாதமாக ஆறவில்லை. வலிக்கிறதா என்று கேட்டால், "ஒண்ணுமே தெரியலப்பா" என்பார். அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. இப்படி ஆறாத புண்ணுக்கு நான் வளர்க்கும் செல்கள் உதவக்கூடும் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

எலும்பு மஜ்ஜையிலிருந்தும் கொழுப்பிலிருந்தும் எடுக்கும் ஸ்டெம் செல்களை வழக்கமாக பிளாஸ்டிக் குடுவையில்தான் வளர்க்கிறோம். பாய் விரித்தாற்போல் தட்டையாகப் பரவும். எண்ணிக்கை பெருகும், ஆனால் பிரித்துப் பிரித்து வளர்க்க வளர்க்கச் சோர்ந்துவிடும். உடம்புக்குள் எந்தச் செல்லும் இப்படி வழவழப்பான தரையில் தனியாக ஒட்டிக்கொண்டு வாழ்வதில்லையே. முப்பரிமாண வளர்ப்பில் கதையே வேறு. பெட்ரி தட்டு என்னும் மூடியுள்ள சிறு வட்டத் தட்டின் மூடியில் செல் கரைசலைச் சொட்டுச் சொட்டாக வைத்து, மூடியைக் கவிழ்த்துவிடுவோம். சொட்டு விழாது, தொங்கும். ஒட்ட இடம் கிடைக்காத செல்கள் சொட்டின் அடிக்கு இறங்கி ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். மூன்றாம் நாள் பார்த்தால் கசகசாவில் பாதி அளவுக்கு ஒரு வெள்ளை உருண்டை. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி அது.

முறை பழையது. 1907-லேயே ராஸ் ஹாரிசன் தொங்கும் சொட்டில் தவளைக் கருவின் நரம்பு செல்களை வளர்த்தார். 2010-இல் டெக்சாஸில் டார்வின் புரோக்காப் குழுவினர், இப்படி உருண்டையாகத் திரண்ட மனித ஸ்டெம் செல்கள் டிஎஸ்ஜி-6 என்ற, அழற்சியை (புண்ணின் வீக்கத்தையும் சிவப்பையும்) தணிக்கும் புரதத்தைத் தட்டை செல்களைவிட மிக அதிகமாகச் சுரப்பதைக் காட்டினார்கள். சர்க்கரைப் புண் ஆறாமல் கிடப்பதற்கு முக்கியக் காரணங்களில் ஒன்று, அழற்சிக் கட்டத்தைத் தாண்ட முடியாமல் மாட்டிக்கொள்வது. புது ரத்தக் குழாயைத் தூண்டும் சமிக்ஞைகளும் உருண்டையில் கூடுகின்றன.

அப்புறம் ஏன் என் அப்பாவின் காலுக்கு இது வரவில்லை? இந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை எலியோடு நிற்கின்றன. எலியின் தோல் சுருங்கியே புண்ணை மூடிவிடும். அதைத் தடுக்கப் புண்ணைச் சுற்றி சிலிகோன் வளையம் வைத்துத் தைக்கிறோம். அப்படிச் செய்தாலும், இருபது வருஷச் சர்க்கரையோடு ரப்பர் செருப்பில் நடக்கிற காலை எலி காட்டாது. இன்னொரு சிக்கல், ஒவ்வோர் ஆய்வுக்கூடமும் ஒவ்வோர் அளவில் உருண்டை செய்கிறது. ஆக்சிஜன் 100 முதல் 200 மைக்ரோமீட்டர் (0.1 முதல் 0.2 மில்லிமீட்டர்) ஆழம்வரைதான் நன்றாக ஊடுருவும். உருண்டை ரொம்பப் பெரிதானால் நடுவில் இருப்பவை சாகும். ஒருவர் முடிவை இன்னொருவரோடு ஒப்பிடவே முடிவதில்லை.

இந்த வெற்றிடத்தில்தான் கடைகள் முளைக்கின்றன. சோதனையில் இருக்கும் ஸ்டெம் செல் சிகிச்சைக்கு நோயாளியிடம் காசு வாங்கக்கூடாது என்று உங்கள் 2017 வழிகாட்டி சொல்கிறது. ஆனால் ஒரு கிளினிக்கில் அப்பாவிடம், "ஸ்டெம் செல் ஊசி, இரண்டு லட்சம், ஆறிடும்" என்றார்கள். அப்பா என்னைத் திரும்பிப் பார்த்து, "நீ செய்யற வேலைதானே இது?" என்று கேட்டார். என்ன பதில் சொல்ல?

சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பதும், புண்ணைச் சுத்தம் செய்வதும், பாதத்தில் எடை விழாமல் பார்ப்பதும்தான் முதல் வைத்தியம். அதற்குப் பதில் செல் என்று நான் சொல்ல வரவில்லை. அதெல்லாம் செய்தும் ஆறாத புண்களுக்காகக் கேட்கிறேன். உருண்டையின் அளவு, செல் எண்ணிக்கை, வளர்க்கும் நாள் இவற்றுக்கு ஒரு பொது நெறிமுறை வையுங்கள். பிறகு அரசு மருத்துவமனைகளின் கட்டு மாற்றும் அறைகளில், நோயாளிக்குச் செலவில்லாமல், மனிதச் சோதனைக்கு நிதி ஒதுக்குங்கள். புண் மூடியதா என்பதோடு, திரும்ப வந்ததா, விரலை எடுக்க நேர்ந்ததா என்றும் கணக்கெடுங்கள். வேலூர் சிஎம்சியில் ஸ்டெம் செல் ஆய்வு மையம் இருக்கிறது. தோலுக்கு உறுதி தரும் கொலாஜன் என்ற புரதத்தை நன்கு அறிந்தவர்கள் அடையாறு மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையத்தில் இருக்கிறார்கள். உருண்டையைப் புண்ணில் தாங்கிப் பிடிக்கும் படுகைக்கு அவர்கள் கைகொடுக்கலாம்.

அடுத்த நிதி அறிவிப்பில் இதற்கென ஒரு தலைப்பைச் சேருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செல் வளர்க்கும் ஒரு மகன்,
சென்னை