ஆணிச் சரையான கணக்கேடுகள்

ஆசிரியர் அவர்கட்கு,

ஐயா,

திருகோணமலையின் பழைய தொழில்களைப் பற்றித் தங்கள் பத்திரிகையின் ஞாயிறு இதழில் அண்மையில் வெளிவந்த கட்டுரையை ஆர்வத்துடன் வாசித்தேன். மற்றத் தொழில்களைப் பற்றி விரிவாகச் சொல்லிவந்த கட்டுரையாளர், தச்சுத்தொழிலுக்கு வந்தபோது, இந்நகரத்து ஓடாவிமாரைப் பற்றி எழுத்தில் எதுவும் கிடைக்கவில்லை என்றும், முதியவர்கள் வாயால் சொன்னதைக் கொண்டே எழுத நேர்ந்தது என்றும் வருந்தியிருந்தார். அவரைக் குறை சொல்ல இக்கடிதத்தை எழுதவில்லை. எழுத்தில் நிறையவே இருந்தது. அதை அழித்தவர்களுள் நானும் ஒருவன் என்பதால் எழுதுகிறேன்.

எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாக இந்நகரில் மரவேலைக்கு வேண்டிய பொருட்களை விற்றுவருகிறது. மரம் விற்பதில்லை, அது மரக்காலைக்காரரின் வியாபாரம். உளி, சீவுளி, வாள், அரம், தீட்டுக்கல், திருகாணி, பிணைச்சல், பூட்டு, வச்சிரம், அரக்கு என்று மரத்தைத் தவிர ஓடாவிக்குத் தேவையான மற்றெல்லாம் எங்களிடம் இருக்கும். ஊரார் 'ஹாட்வெயார் கடை' என்று சொல்லிவிடுவார்கள். பாட்டனாருக்கு அந்தச் சொல் பிடிக்காது. சீமெந்தும் குழாயும் விற்பவனைத்தான் அப்படிச் சொல்ல வேண்டும் என்று வாதாடுவாராம். நான் இன்று சீமெந்தும் விற்கிறேன் என்பதை அவர் பார்க்காமல் போனது நல்லதுதான்.

பாட்டனார் ஓர் ஓடாவியின் மகன். அவர் முதலில் விற்றது, மரத்தை இழைக்கும் கருவியான சீவுளியின் அலகை மட்டுமே. அக்காலத்து ஓடாவிமார் சீவுளியின் கட்டையைத் தத்தம் கையளவுக்குத் தாமே செதுக்கிக்கொள்வார்கள். கடையில் வாங்க வேண்டியது உருக்கு அலகு ஒன்றுதான். முழுச் சீவுளியையும் காசு கொடுத்து வாங்குவது சோம்பேறித்தனம் என்று எண்ணிய காலம் அது. அந்த எண்ணத்தை மாற்றியது இரண்டாம் உலகப் போர். 1942 பெப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்த பின்னர் பிரித்தானியக் கடற்படைக்கு இத்துறைமுகம் முன்னெப்போதையும்விட முக்கியமாயிற்று. அவ்வாண்டு ஏப்ரல் 9 ஆம் திகதி யப்பானிய விமானங்கள் துறைமுகத்தையும் சீனக்குடாவையும் தாக்கியபோது, பாட்டனார் கடையில் இருந்த அலகுகளையும் அரங்களையும் ஒரு தகரப் பெட்டியில் அடைத்துக்கொண்டு சாம்பல்தீவிலிருந்த உறவினர் வீட்டுக்குப் போனதாக அப்பா சொல்வார். ஊர் ஓரளவு அடங்கியதும் திரும்பி வந்தவர் கண்டது வேறொரு வியாபாரம். டொக்யார்ட் எனப்பட்ட கடற்படைக் கப்பல் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்த எங்கள் ஓடாவிமார் அங்கே ஆங்கிலேயரின் இரும்புச் சீவுளியைப் பிடித்துப் பழகிவிட்டார்கள். மாலையில் கடைக்கு வந்து, அலகை ஒரு சிறு சக்கரத்தைத் திருகி இறக்கவும் ஏற்றவும் கூடிய அந்தச் சீவுளியே வேண்டும் என்று கேட்கத் தொடங்கினார்கள். ஸ்டான்லி 4 ஆம் இலக்கம் என்ற சொற்றொடர் அப்படித்தான் எங்கள் கணக்கேட்டுக்குள் தமிழ் எழுத்தில் வந்து சேர்ந்தது.

1957 இல் பிரித்தானியர் கடற்படைத் தளத்தைக் கையளித்துப் போனபோது மிஞ்சிய பொருட்கள் பல கைமாறின. பாட்டனார் அதில் பித்தளைத் திருகாணிப் பெட்டிகளை வாங்கிக்கொண்டார். 8 ஆம் இலக்கத்து ஒன்றரை அங்குலத் திருகாணிப் பெட்டி ஒன்று இன்னமும் என் மேசைக்குப் பின்னால் இருக்கிறது. விற்பதற்கு மனமில்லை, வாங்குவதற்கு ஆளுமில்லை.

இனி அந்தக் கணக்கேடுகளுக்கு வருகிறேன். ஓடாவிமார் காசு கொடுத்து வாங்குவது அரிது. வேலை முடிந்து வீட்டுக்காரர் கூலி தரும்வரை கடனே வழக்கம். ஆகவே ஒவ்வொருவருக்கும் பற்றுவரவுக் கொப்பியில் ஒரு பக்கம் இருந்தது. சிவப்புத் துணி போர்த்திய அந்தக் கொப்பிகளில் பெரும்பாலும் ஆட்களின் பெயர் இராது. உவர்மலைக் கதிரைக்காரர், பாலையூற்றுக் கதவுக்காரர், திருக்கடலூர் வள்ளக்காரர், கிண்ணியா வண்டில்காரர் என்று ஊரும் வேலையுமே தலைப்பாக இருக்கும். யார் எந்த வேலையில் தேர்ந்தவர் என்பது அந்தத் தலைப்பிலேயே தெரிந்துவிடும். அதன் கீழே அவர் என்ன வாங்கினார், எப்போது வாங்கினார், எதைத் திருப்பித் தந்தார் என்று வரிசையாக இருக்கும். திருக்கோணேஸ்வரத்தின் 1963 ஆம் ஆண்டுக் கும்பாபிஷேகத்துக்கு முந்திய மாதங்களில், வாகன வேலை செய்தவர்களின் பக்கங்களில் கால் அங்குல உளியும் நகவுளியும் அடுத்தடுத்து ஏறியிருந்ததை அப்பா எனக்குக் காட்டியிருக்கிறார். அந்தப் பக்கங்களை வாசிக்கத் தெரிந்தவருக்கு, எத்தனை கைகள் அந்தச் சிற்பங்களில் பட்டன என்பதை அங்கேயே எண்ணிப் பார்த்திருக்கலாம்.

பாட்டனார் சில பக்கங்களின் ஓரத்தில் குறிப்பும் எழுதுவார். 'பாலைக்கு இரட்டைச் சரிவு' என்று பல இடங்களில் இருந்தது. சிறுவயதில் எனக்கு அது விளங்கவில்லை. பின்னாளில் அப்பா தீட்டுக்கல்லின் முன் என்னை உட்காரவைத்து விளக்கினார்: உளித் தகட்டின் தடிப்பைப்போல் சரியாக இரண்டு மடங்கு நீளத்துக்குச் சரிவைத் தீட்டினால் கூர் 30 பாகையில் நிற்கும், பாலையும் முதிரையும் போன்ற வைர மரத்துக்கு அதுவே தாங்கும். தேக்குக்கும் வேம்புக்கும் இன்னும் சற்று நீட்டித் தீட்டலாம், கூர் மெலிந்து வேலை இலகுவாகும். பாகைமானி எதுவும் இல்லாமல், ஒரு துண்டு ஈர்க்கால் தடிப்பை அளந்து, அதை இருமுறை சரிவில் வைத்துப் பார்ப்பார். தீட்டி முடிந்ததும் அலகைப் பெருவிரல் நகத்தின் மேல் சாய்த்து வைப்பார். வழுக்கினால் மறுபடியும் கல்லுக்கு. நகத்தைப் பற்றிக்கொண்டு நின்றால் வாடிக்கையாளர் கைக்கு. தீட்டாத உளியை அவர் ஒருநாளும் விற்றதில்லை. அதற்கெனத் தனிக்காசு வாங்கியதுமில்லை.

சமண்டலை மரத்தைப் பற்றியும் அந்த ஓரக் குறிப்புகளில் உண்டு. சிங்களத்தில் ஹல்மில்ல எனப்படும் இம்மரத்துக்கு ஆங்கிலேய மரவியாபாரிகள் வைத்த பெயரே 'திருகோணமலை மரம்' என்பதாகும். 19 ஆம் நூற்றாண்டில் அது இங்கிருந்து சென்னைக்குக் கப்பலேறி, அங்கே அலைகளைக் கடந்து கப்பலுக்கும் கரைக்கும் ஓடிய மசூலாப் படகுகளைக் கட்டப் பயன்பட்டது. உலக மரச்சந்தையில் நம் ஊரின் பெயரைத் தாங்கி நின்ற ஒரு மரத்தைத் தங்கள் கட்டுரை ஒரு வரியிலாவது தொட்டிருக்கலாம் என்பது என் சிறு மனத்தாங்கல்.

இப்போது நான் ஒப்புக்கொள்ள வேண்டியதற்கு வருகிறேன். 1970களின் முற்பகுதியில் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் இறுகியபோது ஷெஃபீல்டிலிருந்து வந்துகொண்டிருந்த உருக்குச் சாமான்கள் ஏறக்குறைய நின்றுபோயின. லொறியின் வில்லுத் தகட்டை வெட்டிக் கொல்லர்கள் அடித்துத் தந்த உளிகளையே அப்பா விற்றார்; அவற்றுட் சில மிக நல்ல உளிகள். அதே காலத்தில் கடதாசிக்கும் தட்டுப்பாடு. ஆணியைச் சரை சுற்றிக் கொடுக்கப் பழைய பத்திரிகைத் தாள்கூட எளிதில் கிடைக்கவில்லை. பின்னறையில் அடுக்கியிருந்த பாட்டனாரின் கொப்பிகளோ தடித்த, நல்ல தாள். கடன் தீர்ந்த கணக்குத்தானே என்று அப்பா எடுத்துத் தந்தார். பாடசாலை விட்டு வந்து, ஒரு பக்கம் கிழித்து, கூம்பாகச் சுற்றி, அடியை மடித்து, இரண்டு அங்குல ஆணி கால் இறாத்தல் அள்ளிப் போடுவது என் வேலை. வேகமாகச் சுற்றுவதில் எனக்குப் பெருமையும் இருந்தது. கதவுக்காரரும் கதிரைக்காரரும் வண்டில்காரரும் என் கையால் ஒவ்வொருவராகக் கிழிபட்டு, ஆணியோடு ஊரெங்கும் போய், குப்பையாய் முடிந்தார்கள். இரண்டு மூன்று ஆண்டுகளில் அறையின் ஒரு பக்கச் சுவரே வெளியே தெரிந்தது. 1977 இல் இறக்குமதி திறந்துவிடப்பட்டபோது சரைக்கு வேறு தாள் வந்தது. கொப்பிகள் ஐந்து மட்டும் எஞ்சியிருந்தன.

அதற்குப் பிந்திய ஆண்டுகளைப் பற்றித் தங்கள் வாசகர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. 1983 இலும் அதன் பின்னும் கடை எத்தனை முறை மூடித் திறந்தது என்பதை நாங்கள் எண்ணிவைக்கவில்லை. மூதூரிலிருந்து லோஞ்சிலும் கிண்ணியாவிலிருந்து 'பாதை' எனப்படும் மிதவைப் படகிலும் ஏறி வந்த தமிழ், முஸ்லிம் ஓடாவிமார், சாக்கில் சுற்றிய உளிகளைச் சோதனைச் சாவடியில் விரித்துக் காட்டிவிட்டு வந்து தீட்டித் தரும்படி கேட்ட நாட்களை மட்டும் மறக்க முடியாது. 2004 டிசம்பர் 26 இன் கடற்கோளுக்குப் பின்னர் கதவு, ஜன்னல் சாமான்கள் முன்பு காணாத அளவில் விற்றன. ஆனால் மரவள்ளத்துக்கான செப்பாணி அத்தோடு விற்காமல் நின்றது. உதவியாக வந்தவை கண்ணாடியிழைப் படகுகள். யாரையும் குற்றம் சொல்வதற்கில்லை. படகு இழந்தவனுக்கு உடனே படகு தேவை. 2009 இல் 396 மீற்றர் நீளமுள்ள கிண்ணியாப் பாலம் திறந்ததும் பாதை நின்றது. வாடிக்கையாளர் வருவது இலகுவாயிற்று. எனினும் வந்தவர்கள் கேட்டவை மின்வாளும் மெலமைன் பலகைக்கான பிணைச்சலும்தான்.

2022 இல் ஒரு வேடிக்கை நடந்தது. மார்ச் மாத முடிவில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தபோது, ஆண்டுக்கணக்கில் கைவாளைத் தொடாத இளைஞர் பலர் கடைக்கு வந்து கைவாள் கேட்டார்கள். டொலர் 200 ரூபாவிலிருந்து 300 ரூபா அளவுக்கு ஏறியிருந்ததால் புதிய வாள் வாங்க இயலாமல், வீட்டுப் பரணில் கிடந்த தாத்தாமாரின் துருவேறிய வாள்களைக் கொண்டுவந்து தீட்டித் தரச் சொன்னார்கள். பற்களை ஒன்றுவிட்டு ஒன்று இடமும் வலமுமாக வகுத்து, மூவிளிம்பு அரத்தால் ஒரே கோணத்தில் ராவ வேண்டும். அவ்வேலையை முறையாகச் செய்யத் தெரிந்தவர் ஒருவரைத் தேடி மூன்று நாள் அலைந்தேன். கடைசியில் எஞ்சியிருந்த கொப்பி ஒன்றில் வாள் தீட்டக் கொடுத்தவர்களின் கணக்கைப் பார்த்து, அதிலிருந்த ஒருவரின் பேரனைத் திருக்கடலூரில் கண்டுபிடித்தேன். அவர் மேசனாக வேலை செய்கிறார். ஆனாலும் கை மறக்கவில்லை. நாற்பது வாள்களுக்கு மேல் தீட்டித் தந்தார்.

கனடாவில் ஸ்காபரோவில் இருக்கும் என் மருமகன், அங்குள்ள லீ வலி என்ற மரவேலைக் கருவிக் கடைக்குப் போய்வந்து அதன் கதையைத் தொலைபேசியில் சொன்னார். அரசாங்க உத்தியோகத்தை விட்டு லெனார்ட் லீ என்பவர் 1978 இல் ஒட்டாவாவில் தொடங்கிய குடும்ப வியாபாரம் அது. அக்குடும்பம் பழைய கருவி விலைப்பட்டியல்களையும் தச்சுக் கைந்நூல்களையும் மறுபதிப்புச் செய்வதற்கென்றே ஒரு பதிப்பகமும் நடத்தியதாம். அவர்கள் பழைய பட்டியலைத் தேடி அச்சடித்தார்கள். நாங்கள் இருந்ததைக் கிழித்து ஆணி கட்டினோம் என்று சொன்னேன். அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

எஞ்சிய ஐந்து கொப்பிகளையும் நூலகம் நிறுவனம் போன்ற, இலங்கைத் தமிழ் ஆவணங்களை 2005 முதல் எண்ணிம வடிவில் சேர்த்துவரும் அமைப்பிடம் படியெடுக்கக் கொடுப்பதென்று தீர்மானித்திருக்கிறேன். தங்கள் கட்டுரையாளர் விரும்பினால் அதற்கு முன்னரே வந்து பார்க்கலாம். இந்நகரிலும், மட்டக்களப்பிலும் யாழ்ப்பாணத்திலும், தலைமுறை கடந்து கடை நடத்தும் மற்றக் குடும்பங்களையும் தங்கள் பத்திரிகை வாயிலாக வேண்டுகிறேன்: பின்னறையில் கிடக்கும் பழைய கொப்பிகளைப் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போடுவதற்கு முன் ஒருமுறை விரித்துப் பாருங்கள்.

சென்ற மாதம் பாலையூற்றிலிருந்து ஒரு அம்மா, காலமான தம் கணவரின் கருவிப் பெட்டியை விற்கக் கொண்டுவந்தார். உளிகள் வழுக்காமல் இருப்பதற்காகப் பெட்டியின் அடியில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. எண்ணெய் ஊறிப் பழுப்பேறிய அந்தத் தாளை நனைத்து உரித்தபோது பாட்டனாரின் கையெழுத்து தெரிந்தது. கதவுக்காரரின் கணக்கு, பதினொரு ரூபா நாற்பது சதம் பாக்கி. நான் சுற்றிய சரையை அவர் எறியாமல் விரித்து ஒட்டியிருக்கிறார். இதுபோன்ற பெட்டிகள் ஓடாவிமார் வீடுகளில் இன்னும் பல இருக்க வேண்டும். வைத்திருப்பவர்கள் பெட்டியை விற்பதானாலும் வைத்திருப்பதானாலும், அடியில் ஒட்டியிருக்கும் தாளை மட்டும் ஒருமுறை கடைக்குக் கொண்டுவந்து காட்டுமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன். படமெடுத்துக்கொண்டு அன்றே திருப்பித் தருவேன். உளியையும் தீட்டித் தருவேன்.

இங்ஙனம்,
மரவேலைப் பொருள் வியாபாரி ஒருவர்,
திருகோணமலை.