முதல் மாதமே சொல்லிவிடுங்கள்

திருகோணமலை மாவட்டத்து அம்மாமார், உம்மாமார், மாமிமார் எல்லாருக்கும்,

வணக்கம். அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் படலையில் ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு "மிட்வைஃப் வந்திருக்கிறேன்" என்று குரல் கொடுப்பவர்களில் நானும் ஒருத்தி. 22 வருஷமாக இதுதான் வேலை. வெயிலும் நாய்களும் மாரியில் சேறாகிற ஒழுங்கைகளும் பழகிவிட்டன. பழகாத ஒன்று உண்டு. அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

மருமகளுக்கு நாள் தள்ளிப் போயிருக்கும். "மூன்று மாதம் முடியட்டும், நாவூறு பட்டுவிடும்" என்று மூடி வைப்பீர்கள். அந்தப் பயம் எனக்கு விளங்கும். கரு தங்காமல் போன வீடுகளில் நானும் இருந்து அழுதிருக்கிறேன். ஆனால் பிள்ளையின் மூளையும் முள்ளந்தண்டும் உருவாகத் தொடங்குவது அந்த முதல் வாரங்களில்தான். போலிக் அமிலக் குளிசையைக் கரு தங்குமுன்பே தொடங்கினால் நல்லது. கலியாணம் முடிந்ததும் எங்களிடம் பதியச் சொல்வது அதற்காகத்தான். கரு தங்கினால் எட்டு வாரத்துக்குள் சொல்லுங்கள். பிரஷர் எவ்வளவு, உடம்பில் இரத்தம் போதுமா, சீனி இருக்கிறதா என்று ஆரம்பத்திலேயே தெரிந்தால்தான் பிறகு கூடிக் குறைவது பிடிபடும்.

சில வருஷங்களுக்கு முன் கடற்கரையோர ஊர் ஒன்றில் குழந்தை நிறுக்கப் போயிருந்தேன். பக்கத்து வீட்டு வாசலில் நான் கண்டிராத ஒரு பிள்ளை குந்தியிருந்து, விரலில் சவர்க்காரம் பூசி மோதிரத்தைக் கழற்றப் பார்த்துக்கொண்டிருந்தாள். விரல் வீங்கிக் கழலவில்லை. வயிற்றைப் பார்த்தால் ஏழு மாதம் இருக்கும். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்து இரண்டு கிழமை. இருந்த இடத்திலும் பதியவில்லை, இங்கேயும் யாருக்கும் சொல்லவில்லை. தலையிடி வெயிலால் வந்தது என்று அம்மா தைலம் பூசிவிட்டிருந்தா. பிரஷர் பார்த்தேன்: 160க்கு 110, ஆபத்தான அளவு. கொஞ்சம் இருக்கவிட்டு மறுபடி பார்த்தேன். அதேதான்.

"கண் மங்கலா இருக்கா?"

"ரெண்டு நாளா அப்படித்தான், மிஸ்."

ஆட்டோ பிடித்து நானும் கூட ஏறினேன். வழியில் வலிப்பு வந்துவிடக் கூடாதே என்று அவள் கையை விடவேயில்லை. மோதிரத்தை வாட்டில் வெட்டித்தான் எடுத்தார்கள். தாயும் பிள்ளையும் தப்பினார்கள். நான் அன்றைக்கு அந்த ஒழுங்கைக்குப் போயிருக்காவிட்டால்? அதை நினைத்து இன்னும் சில இரவுகளில் நித்திரை வருவதில்லை.

1935இல், மலேரியா பரவிய காலத்தில், இலங்கையில் ஒரு லட்சம் பிறப்புக்கு 2000க்கும் மேற்பட்ட தாய்மார் இறந்தார்கள். கொரோனாவுக்கு முந்திய ஆண்டுகளில் அது 40க்கும் கீழே வந்தது. மிட்வைஃப்மார் வீடு வீடாக நடந்ததற்கும் அதில் பங்குண்டு. நான் வேலைக்கு வந்த புதிதில் கிண்ணியாவுக்குப் போக 'பாதை' என்கிற மிதவைப் படகுக்குக் காத்து நிற்க வேண்டும். வலியெடுத்த பிள்ளையோடு துறையில் நின்றவர்களுக்கு அந்தக் கஷ்டம் தெரியும். 2009இல் பாலம் திறந்தது. ஆனால் நீங்கள் சொல்லாவிட்டால், எந்தப் பாலத்தால் நாங்கள் வருவது?

பிள்ளை பிறந்த பிறகும் அப்படித்தான். முதல் ஐந்து நாளுக்குள் நாங்கள் வருவோம். "துடக்குக் கழியட்டும் மிஸ்" என்று படலையிலேயே திருப்பி அனுப்பிவிடாதீர்கள். இரத்தப்போக்கு, காய்ச்சல், பிள்ளையின் மஞ்சள் நிறம், பால் குடிக்கிற விதம் எல்லாம் அப்போதுதான் பார்க்க வேண்டியவை. மருந்துச் சரக்கு அவித்த தண்ணி கொடுங்கள், நான் மறிக்கவில்லை. ஆனால் "வயிறு வைக்கும்" என்று பச்சைத் தண்ணியை மறிக்காதீர்கள், பால் கொடுக்கிறவளுக்குத் தாகம் எடுக்கும். இரும்புச் சத்துக் குளிசையைத் தேத்தண்ணியோடு கொடுத்தால் சத்து உடம்பில் சரியாகச் சேராது. தேசிக்காய்த் தண்ணியோடு கொடுங்கள்.

இந்த வேலையில் கிடைக்கிற சந்தோஷத்தையும் சொல்ல வேண்டும். சந்தையில் யாராவது பள்ளிச் சீருடைப் பிள்ளையை இழுத்து வந்து, "மிஸ், இவன்தான் அண்டைக்கு நீங்க தராசில நிறுத்தவன்" என்று காட்டுவார்கள். அன்றைய களைப்பெல்லாம் போய்விடும்.

போன மாதம் கிளினிக்குக்கு ஒரு பிள்ளை வந்தாள். நான் வேலைக்குச் சேர்ந்த வருஷம் தராசில் தொங்கவிட்டு நிறுத்தவள். இப்போது ஆறு வாரக் கர்ப்பிணி. கையைப் பிடித்துக் கூட்டி வந்திருந்தது அவளுடைய மாமி.

இப்படிக்கு,
உங்கள் ஊர் மிட்வைஃப் ஒருத்தி